ஒண்ணாம் தேதிச் சம்பளம்

எங்கள் வீட்டில் முதலில் ஒண்ணாம் தேதி, அப்புறம்தான் கிறிஸ்துமஸ். ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் மாலைச் சங்கு ஊதியதும் கேட் வழியாகச் சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வரும். மற்ற நாட்களில் பேச்சும் சிரிப்புமாக வருகிறவர்கள், அன்றைக்கு மட்டும் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் சட்டையின் உள்பையையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வருவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா ஆரோக்கியசாமி. ஃபிட்டர் வேலை. கேட்டுக்கு வெளியே வட்டிக்காரர்கள் காத்து நிற்பார்கள். அப்பா வேண்டுமென்றே அவர்கள் முன்னால் சைக்கிளை மெதுவாக ஓட்டுவார். யாருக்கும் பாக்கி இல்லை என்கிற திமிர் அது.

அம்மா தாயம்மாள் அன்று மத்தியானமே தலை குளித்துப் பூ வைத்துக்கொண்டு, எனக்கும் ரிப்பன் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். சம்பளக் கவர் முதலில் மாதா படத்துக்கு முன்னால் போகும், அப்புறம் அம்மா கைக்கு. எனக்கும் தம்பி மோகனுக்கும் ஆளுக்கு இரண்டு ஜிலேபி. மோகன் என்னைவிட ஆறு வயது சின்னவன், தன்னுடையதை ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டு என் தட்டையே பார்ப்பான். லைன் முழுக்க எல்லா வீட்டிலும் ஆட்டுக்கறி கொதிக்கும். இருபதாம் தேதிக்கு மேல் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதெல்லாம் அந்த ஒரு வாசனையில் மறந்து போகும். இன்றைக்கும் கறி கொதிக்கும் வாசனை வந்தால் என் கை தானாகத் தலைக்குப் போகும், ரிப்பன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. எனக்கு வயது அறுபத்திரண்டு.

மழை கொட்டினாலும் மந்திரிசபை கவிழ்ந்தாலும் ஒண்ணாம் தேதி சம்பளம் வரும். சம்பளம் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன கணக்கு. அந்தக் கணக்கு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா ரிடையர் ஆனதும் கையில் வந்த பணத்தில் குஷாய்குடாவில் ஒரு தகர ஷெட் பிடித்து, மோகனோடு சேர்ந்து சாமி இன்ஜினியரிங் ஆரம்பித்தார். தகட்டை வெட்டி மடக்கி, மின்சாரப் பேனல் பெட்டிகள் செய்து, உள்ளே வயரிங்கும் முடித்துக் கொடுப்பது தொழில். முதலில் இரண்டு பேர் வேலைக்கு. அப்புறம் நான்கு, ஏழு, பதினொன்று. அப்பா போட்ட ஒரே சட்டம், ஒண்ணாம் தேதி பதினோரு மணிக்குள் எல்லார் கையிலும் சம்பளம் இருக்க வேண்டும். தனக்கு மிஞ்சுகிறதா இல்லையா என்பது அவருக்கு அப்புறம்தான். ரயில்வே கொடுத்ததை நாம் கொடுக்க முடியாதா என்பார். அந்த ஷெட்டில் அவர் முதல் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். வாங்கிய பையன்களைவிடக் கொடுத்த அப்பாவின் முகத்தில்தான் அதிகச் சந்தோஷம்.

நான் அதற்கு முன்பே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் போல்ட், நட்டு, தகடு, வாஷர் என்று அலமாரிகளுக்கு நடுவிலேயே போனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு ஸ்டோர்ஸில் ஸ்டாக் இல்லை என்று பதில் சொல்லியே காலம் ஓடிவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா போனார். அதிலிருந்து அவருடைய வேலை ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் காலை பதினோரு மணிக்கு மோகனுக்கு போன் செய்வேன்.

"போட்டாச்சாடா?"

"போட்டாச்சுக்கா."

சமீப காலமாக அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு காபி குடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது தங்கள் பிள்ளைக்கு ஐ.டி. கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று புலம்பினால், என் தம்பி கம்பெனியில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை என்று சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை. பெருமை பீற்றிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தில் எனக்குத்தான் முதலிடம்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகன் மௌலா அலியில் நான் இருக்கும் வீட்டுக்கு வந்தான். இது அப்பா கட்டிய வீடு. இரண்டு அறைகள், மொட்டை மாடி, மாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் தர்கா. எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. குடியிருப்பது நான் மட்டும், அவனும் அவன் மனைவி வசந்தியும் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். பெரிய டப்பாவில் பிரியாணி வாங்கி வந்திருந்தான். என் சமையலைக் கிண்டல் செய்தான், முழங்கால் வலியை விசாரித்தான், நான் சொன்ன பழைய ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தான். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் சொந்த அக்காவிடம் இவ்வளவு நல்லவனாக நடந்துகொண்டால் சந்தேகப்பட வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து காகிதங்களை எடுத்தான்.

"புது மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்க்கா. கம்ப்யூட்டர்ல ஓடுறது. பேங்க்ல வீட்டுப் பத்திரம் கேக்கறாங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள நீ கையெழுத்துப் போட்டா போதும்."

"போடறேன். மெஷினைப் பாத்துட்டுப் போடறேன்."

"மெஷின் இன்னும் வரலைக்கா."

"வைக்கப் போற இடத்தையாவது பாக்கறேன். பொருளைப் பாக்காம கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல."

"இந்த வெயில்ல அவ்வளவு தூரம் எதுக்கு வர்றே? முழங்கால் வலின்னு இப்பதானே சொன்னே."

"பஸ்லதானே வரப்போறேன். புதன்கிழமை வர்றேன்."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். ஷெட்டுக்குப் போய் வெகு நாளாகிவிட்டது, அப்பாவின் பழைய நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று ஆசை. அவன் முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்தேன். என் முழங்காலை நினைத்துக் கவலைப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இர்பான் வந்தார். அப்பா காலத்திலிருந்து ஷெட்டில் பழைய இரும்பு எடுப்பவர். வாணியம்பாடிக் குடும்பம், ஹைதராபாத் வந்து மூன்று தலைமுறை. வாசலிலேயே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தேன். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அக்கா, நான் சொன்னேன்னு மோகன் பாய்கிட்ட சொல்ல நக்கோ, சொல்லவே வேணாம்."

"விஷயத்தைச் சொல்லுங்க."

"முன்னாடியெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வருவேன். கழிவுத் தகடு ஜன்னல் உசரத்துக்கு ஏறினா பெரியவர் போன் போடுவார். இப்ப மோகன் பாய் மாசா மாசம் கூப்பிடறார். இருபத்தெட்டு, இருபத்தொம்பது தேதிக்கு. அதுவும் கழிவு இல்லக்கா. புதுத் தகடு. கம்பெனி ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல. செம்புப் பட்டை, புதுசு. வாங்கின விலைல பாதிகூட வராது, பழைய இரும்பு விலைக்குத்தானே நான் எடுப்பேன். ஒரு மாசம் ஏதோ அவசரம்னு நெனச்சேன். போன மாசத்தோட எட்டாவது வாட்டி."

"உங்களுக்கு லாபம்தானே."

"ஹவ், ஆமாக்கா, லாபம்தான். பெரியவர் கையால எத்தனையோ டீ குடிச்சிருக்கேன்க்கா. மனசு ஒப்பல. அதான் வந்தேன்."

அவர் போன பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பதாம் தேதி நல்ல தகடு பழைய இரும்பு விலைக்குப் போகிறது. ஒண்ணாம் தேதி சம்பளம் வருகிறது. இடையில் இரண்டே நாள்.

புதன்கிழமை ஷெட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பழைய ஷெட்தான் கண்ணில் நின்றது. அப்பா இருந்தபோது உள்ளே நுழைந்தால் இடது பக்கம் நாலடி உயரத்துக்குத் தகடு அடுக்கியிருக்கும். வலது பக்கம் அலமாரி, நான் ஒரு லீவு நாளில் போய் ஸ்டோர்ஸ் முறைப்படி அடுக்கிக் கொடுத்தது. ராணிகஞ்ச் மொத்தக் கடையிலிருந்து ஆட்டோவில் பெட்டி பெட்டியாகப் போல்ட் வரும், பணம் அடுத்த மாதம் கொடுத்தால் போதும். சுவரில் ஐந்தாறு கம்பெனிகளின் வரைபடங்கள் வரிசையாகத் தொங்கும். காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, சனிக்கிழமை சமோசா. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் சாப்பாடு இறங்கும்.

இப்போது உள்ளே நுழைந்ததும் மடக்கு மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. தகடு முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லை. கிரைண்டர் ஒன்றைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சுவரில் ஒரே ஒரு கம்பெனியின் வரைபடங்கள்தான், மற்றவை இருந்த இடத்தில் ஆணிகள். நான் அலமாரிக்குப் போனேன். பெட்டிகள் இல்லை. தெலுங்குப் பேப்பரில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். பத்து போல்ட்.

மற்றவர்களுக்கு அது பத்து போல்ட். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மொத்தக் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். முனைக் கடையில் கைக்காசு கொடுத்து, அன்றைய வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அதிக விலைக்கு வாங்குகிறான் என்று அர்த்தம். பாதி விலைக்கு விற்று அதிக விலைக்கு வாங்கி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

ஃபோர்மேன் பாலசுப்ரமணியன் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருப்பவர், என்னைப் பார்த்தால் பத்து நிமிஷம் பேசாமல் விடமாட்டார். அன்றைக்கு, "வாங்கம்மா, வெயில் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். வயரிங் மேஜையிலிருந்து அனுபமா நிமிர்ந்து, "பாகுன்னாரா மேடம்?" என்று நலம் விசாரித்தாள். மௌலா அலிப் பெண்தான், அப்பா அம்மா கடலூர்ப் பக்கம். நாம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். அந்த ஷெட்டில் அவள் கைக்கு ஈடான கை கிடையாது. பேனலுக்குள் அவள் வயர் இழுத்து முடித்திருப்பது படிய வாரிய தலை மாதிரி இருக்கும்.

மோகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பொட்டலத்தை அவன் மேஜைமேல் வைத்தேன்.

"மெஷினை எங்கே வைக்கப் போறே?"

"அந்த மூலையிலதான்..."

"தகடு வெச்சிருந்த இடத்திலயா? அதான் காலி பண்ணிட்டியா?"

அவன் பொட்டலத்தையே பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"யார் சொன்னாக்கா?"

"பத்து போல்ட் சொல்லிச்சு. எத்தனை மாசமாடா?"

"எட்டு மாசம்."

பிறகு எல்லாம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி வேலை கிடைத்தது. அவர்கள் கொடுத்த ஆர்டருக்கே கை போதவில்லை, சின்னச் சின்ன வாடிக்கைக்காரர்களை எல்லாம் விட்டுவிட்டான். முதல் வருஷம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு மாதத்தில் வர வேண்டிய பணம் இரண்டு மாதம் ஆனது, நான்கு மாதம் ஆனது. இப்போது போன் செய்தால் மேலிடத்தில் கையெழுத்தாகவில்லை என்கிறார்கள். புது மெஷின் என்று ஒன்று கிடையவே கிடையாது. வீட்டை வைத்து வாங்கும் பணம் சம்பளத்துக்கு.

"ஆனா சம்பளத்தை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தலைக்கா" என்றான். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நிறுத்தியிருக்கணும்டா."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவன் என்னை நம்ப முடியாமல் பார்த்தான்.

"நீயா சொல்றே? ஒண்ணாம் தேதி பதினோரு மணி அடிச்சா உன் போன் வரும். உனக்கு நான் என்னன்னு பதில் சொல்ல? இருபதாம் தேதியிலேருந்தே அந்த போன்தான்க்கா காதுல அடிச்சுக்கிட்டிருக்கும்."

நான் ஸ்டோர்ஸ்காரி, அலமாரியைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறவள். முன்பெல்லாம் மோகன் போனை எடுத்தால் லேசில் விடமாட்டான். லாரிக்காரன் ஏமாற்றினான், கரண்டு போய்விட்டது, வசந்தி உப்புமா செய்திருக்கிறாள் என்று அரைமணி நேரம் மூக்கால் அழுவான். எட்டு மாதமாக ஒரே வார்த்தை, போட்டாச்சுக்கா, உடனே வைத்துவிடுவான். எல்லாவற்றுக்கும் முதலில் தெரிந்த அறிகுறி என் கைபேசிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் அதைக் கேட்டுவிட்டுக் காபி குடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவன் மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே விழுந்தது.

"ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா" என்றான். "ஆறு மாசம் மூச்சு விடலாம். அதுக்குள்ள அவங்க பணம் வந்துடும். அப்பா ஒண்ணாம் தேதி தவறினதே இல்ல. அவர் பேரை நான் கெடுக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு ரயில்வே ஸ்ட்ரைக் நடந்த மாதம் நினைவுக்கு வந்தது. எழுபத்து நான்காம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது, மோகனுக்கு ஆறு. தேசம் முழுக்க ரயில் நின்றுபோனது. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதவில்லை. அடுத்த ஒண்ணாம் தேதி வந்தது, கவர் வரவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனார். கடை நிறைய ஆள். எல்லார் முன்னாலும், "சேட், இந்த மாசம் சம்பளம் இல்ல. எப்ப வரும்னு தெரியாது. அரிசி மட்டும் குடுங்க, முடியலைன்னா அதையும் சொல்லிடுங்க" என்று தமிழும் ஹிந்தியுமாகச் சொன்னார். கடைக்காரர் அரிசி கொடுத்தார், எண்ணெய் கொடுக்கவில்லை. அப்புறம் பால்காரர் வீடு. நான் தலை நிமிரவே இல்லை. என் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தக் கடையில் நின்றிருந்தாள். அன்றைக்கு அப்பாவை நான் வெறுத்தேன்.

பிற்பாடு எத்தனையோ ஒண்ணாம் தேதிகளைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிச் சிரித்திருக்கிறோம். ஜிலேபி வரும், அம்மாவின் பூ வரும், கறி வாசனை வரும். அந்த ஒண்ணாம் தேதியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. ஐம்பது வருஷத்தில் நானே அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தேன். தவறினதே இல்லை என்று கோயில் வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொன்னதும் நான்தான்.

மோகனிடம் அதைச் சொன்னேன். அவனுக்கு எதுவும் நினைவில் இல்லை.

"நெஜமாவா? அப்பாவா?"

"அப்பாதான். கடையில ஆள் குறையட்டும்னுகூட நிக்கல."

நான் காகிதங்களைக் கையெழுத்துப் போடாமல் அவன் பக்கம் தள்ளினேன்.

"வீட்டை வெச்சா ஆறு ஒண்ணாம் தேதி வரும். ஏழாவதுக்கு என்ன பண்ணுவே? வீடும் இருக்காது, ஷெட்டும் இருக்காது. என் டெபாசிட்ல பணம் இருக்கு. பாதிச் சம்பளத்துக்கு நான் தர்றேன். ஆனா நீ அவங்ககிட்ட உள்ளதைச் சொன்னப்புறம்தான் தருவேன். அதுக்கு முன்னாடி ஒரு ரூபா தரமாட்டேன்."

"தனித்தனியாக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லு. நானும் வர்றேன்."

இர்பானுக்கு அந்த மாதம் போன் போகவில்லை. விட்டுப்போன பழைய வாடிக்கைக்காரர்கள் நான்கு பேரை மோகன் நேரில் போய்ப் பார்த்தான். ஒருவர் முகத்தில் அடித்த மாதிரி பேசி அனுப்பினார், ஒருவர் பத்துப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்து முன்பணமும் தந்தார். ஆனால் அதெல்லாம் மெதுவாக நடக்கிற காரியம். ஒண்ணாம் தேதி அதற்காகக் காத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அது. வழக்கமாகப் பதினோரு மணிக்குப் பதினொரு பேர் சட்டைப் பையிலும் சம்பளம் ஏறிய செய்தி வந்து கைபேசி ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுக்கும், கொஞ்ச நேரம் மெஷின்கள் நிற்கும், யாராவது ஒருவர் வீட்டுக்குப் பேசுவார் என்று மோகன் சொல்லியிருக்கிறான். அன்றைக்குப் பத்தே முக்காலுக்கே எல்லாரையும் மடக்கு மெஷின் பக்கத்தில் கூப்பிட்டான். நான் அலமாரியில் சாய்ந்து நின்றேன்.

தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னான். பணம் இல்லை, பெரிய கம்பெனி நான்கு மாதமாகத் தரவில்லை, எட்டு மாதமாகத் தகட்டை விற்றுச் சம்பளம் போட்டேன், இனிமேல் விற்பதற்கும் ஒன்றுமில்லை, இன்றைக்குப் பாதிதான், மீதி எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு வேலை பார்க்கிறவர்களைத் தடுக்கமாட்டேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். மூன்று நிமிஷம்கூட இருக்காது.

பாலசுப்ரமணியன்தான் முதலில் பேசினார். "தகடு போறதைப் பாத்துக்கிட்டுத்தான் சார் இருந்தேன். கேக்கறதுக்கு வாய் வரல. சம்பளம் வருதேன்னு விட்டுட்டேன்."

வெல்டர் ஒருவர் தெலுங்கில் கத்தினார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார், முன்னாலேயே தெரிந்திருந்தால் தேதியைத் தள்ளி வைத்திருப்பேனே என்றார். நியாயமான கோபம். மோகன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

அனுபமா அதுவரை கட்டிங் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, தமிழில் சொன்னாள்.

"சார், ஜூன்ல எனக்கு செர்லபல்லில ஒரு கம்பெனில வேலை வந்துச்சு. இங்கவிட ஆறாயிரம் ஜாஸ்தி. மம்மி போன்னு சொன்னாங்க. நான்தான் நக்கோன்னு சொன்னேன். அங்க சம்பளம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், நம்ம சார் ஒண்ணாம் தேதி கரெக்டா போடறாங்கன்னு சொன்னேன்."

அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பாதி விலைக்குப் போன தகட்டையும் செம்பையும் நாங்கள் எப்படியாவது திரும்ப வாங்கிவிடலாம். ஜூன் மாதம் இந்தப் பெண் வேண்டாம் என்று சொன்ன வேலையை எங்கிருந்து வாங்கிக் கொடுப்பது? எங்கள் மானத்துக்கு அவளிடமும் வசூல் செய்திருக்கிறோம்.

மோகன் அவளிடம் போனான்.

"அவங்க நம்பர் வெச்சிருக்கியாம்மா?"

"இருக்கு சார்."

"குடு."

எல்லார் முன்னாலும் அங்கேயே நின்று போன் செய்தான். சாமி இன்ஜினியரிங் மோகன் பேசுகிறேன் என்று ஹிந்தியில் ஆரம்பித்து, ஜூனில் நீங்கள் கேட்ட பெண் இப்போது வரத் தயார், முப்பது வருஷத்தில் இவள் மாதிரி வயரிங் செய்யும் ஆளை நான் பார்த்ததில்லை, பேசினதைவிடக் குறைத்துக் கொடுக்காதீர்கள் என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவ்வளவு நல்ல ஆளாக இருந்தால் நீங்கள் ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மோகன் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தான்.

"எங்கிட்ட இப்ப சம்பளம் குடுக்கப் பணம் இல்ல சார்" என்றான்.

எட்டு மாதமாகச் சொந்த அக்காவிடம் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ஒருவரிடம் நேராகச் சொன்னான். வியாழக்கிழமை அவளை நேரில் வரச் சொன்னார்கள். அனுபமா தலையாட்டினாள், மேஜைக்குத் திரும்பிப் போனாள், பாதியில் விட்டிருந்த பேனலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். இதை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று தெலுங்கில் யாருக்கோ சொல்வது கேட்டது.